பல் மருத்துவமனைப் பாதுகாப்பு விதிகள்: பதிவேடு சரியாக இருக்கிறது, கருவிகள் சரியாக இருக்கின்றனவா?

கேள்வி
எழுதியவர்: கடைவாய்ப்பல்

வணக்கம். மூன்று நாற்காலிகள் கொண்ட ஒரு பல் மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். உரிமப் புதுப்பிப்புக்கான ஆய்வு நெருங்குவதால், முன்பிருந்தவர் விட்டுச் சென்ற கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கழிவுகளை ஒப்படைத்த சீட்டுகள், எக்ஸ்ரே கருவியின் தரச் சோதனைச் சான்று, ஊழியர்களின் தடுப்பூசி விவரம், தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி என அனைத்தும் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன.

என்னை உறுத்துவது ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கருவிகளிலுள்ள கிருமிகளை அழிக்கும் இயந்திரம்) பதிவேடு. ஒவ்வொரு சுற்றுக்கும் எதிரே "121 – 15 – சரி" என்று பக்கம் பக்கமாக, ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரம் பழுதுபார்க்கப்பட்டதற்கு ரசீது இருக்கும் வாரத்திலும் "சரி" என்றே உள்ளது. உதவியாளரிடம் கேட்டபோது, பையின் மீதுள்ள பட்டை நிறம் மாறினால் கருவிகள் பயன்பாட்டுக்குத் தயார் என்றுதான் தமக்குச் சொல்லித் தரப்பட்டது என்றார். ஸ்போர் சோதனை நடந்ததற்கான சான்று எதுவும் கோப்பில் இல்லை.

நிறம் மாறும் பட்டையை எந்த அளவுக்கு நம்பலாம்? நாற்காலியுடன் இணைந்த தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்க வேண்டும் என்று படித்தேன். அதை எப்படி, எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை செய்வது? எக்ஸ்ரே எடுக்கும்போது ஈய ஏப்ரன் இனி தேவையில்லை என்று ஒரு சகா சொல்கிறார், அது உண்மையா? ஆய்வு அதிகாரி கேட்கும் தாள்களைக் காட்டுவது எனக்குப் பெரிய சிரமமாக இராது. அந்தத் தாள்களுக்குப் பின்னால் வேலை உண்மையில் நடக்கிறதா என்பதை நானே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1
எழுதியவர்: நீராவி

நான் ஒரு பொது மருத்துவமனையின் கிருமி நீக்கப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் வரும் கருவிகளில் பல் சிகிச்சைக் கருவிகளும் அடக்கம். நீங்கள் சந்தேகப்பட்டது மிகவும் சரி. தவறியதாக ஒரு வரிகூட இல்லாத பதிவேட்டை நான் நம்புவதில்லை. கதவு ரப்பர் தேய்வது, தண்ணீர் குறைவாக இருந்ததால் சுற்று பாதியில் நிற்பது, பை ஈரமாக வெளிவருவது போன்றவை எல்லா இடங்களிலும் நடப்பவை. அவற்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை என்றால் யாரும் இயந்திரத்தைப் பார்த்து எழுதவில்லை என்றுதான் பொருள்.

பட்டையின் நிறமாற்றம், அந்தப் பை ஆட்டோகிளேவின் வெப்பத்தைச் சந்தித்துவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. தனது 11140-1 தரத்தில் இத்தகைய குறிகாட்டிகளை ஆறு வகைகளாகப் பிரித்திருக்கிறது. வெளிப்பட்டை அவற்றில் முதல் வகை. சுத்தம் செய்த பையும் செய்யாத பையும் கலந்துவிடாமல் தடுப்பதே அதன் வேலை. வெப்பநிலை, நேரம், நீராவியின் தன்மை மூன்றையும் சேர்த்துக் காட்டும் ஐந்தாம் வகைப் பட்டையைப் பொதியின் நடுவே வைத்தால் கூடுதல் தகவல் கிடைக்கும். அதுவும் வேதிப்பொருளின் நிறமாற்றம்தான். உயிருள்ள கிருமி அழிந்ததா என்பதை அது நேரடியாகக் காட்டாது.

அதை நேரடியாகக் காட்டுவது ஸ்போர் சோதனை. ஜியோபாசிலஸ் ஸ்டீயரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் நீராவி வெப்பத்தை மிகக் கடுமையாகத் தாங்கக்கூடியவை. அவை மடிந்திருந்தால் மற்றவையும் மடிந்திருக்கும் என்பதே இதன் அடிப்படை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பல் மருத்துவ வழிகாட்டி, வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யச் சொல்கிறது. உடலுக்குள் பொருத்தப்படும் இம்பிளாண்ட் போன்றவை இருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் செய்யச் சொல்கிறது. சோதனைக் குப்பியை வழக்கமான பொதியின் நடுவே, நீராவி எளிதில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த இன்னொரு குப்பியை ஆட்டோகிளேவில் வைக்காமல் நேரே இன்குபேட்டரில் (கிருமி வளர ஏற்ற வெப்பம் தரும் பெட்டியில்) வைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டாவது குப்பியில் வளர்ச்சி தென்பட்டால்தான் முதல் குப்பியில் வளர்ச்சி இல்லாததற்கு மதிப்பு உண்டு. இரண்டிலும் வளரவில்லை என்றால், வாங்கும்போதே வித்துகள் செத்திருந்தன என்றோ இன்குபேட்டர் சூடாகவில்லை என்றோ எண்ண வேண்டியிருக்கும்.

"121 – 15" என்ற பதிவைப் பற்றியும் ஒரு சொல். அந்த 15 நிமிடம் கதவை மூடியதிலிருந்து தொடங்குவதன்று. உள்ளே 121 டிகிரி செல்சியஸ் எட்டிய பிறகு அந்த வெப்பம் நிலைத்திருக்க வேண்டிய நேரம். 134 டிகிரியில் இதற்குக் குறைந்தது 3 நிமிடம் தேவை. உறையிட்ட பொதிகளை, காற்று தானாக வெளியேறும் எளிய வகை இயந்திரத்தில் 121 டிகிரியில் வைத்தால் 30 நிமிடம் வரை வேண்டும். எனவே முதலில் இயந்திரம் எந்த வகை என்று பாருங்கள். ஐரோப்பியத் தரம் சிறிய ஆட்டோகிளேவ்களை என், எஸ், பி என்று வகைப்படுத்துகிறது. என் வகை, உறையில்லாத திடமான கருவிகளுக்கு மட்டுமே உரியது. ஹேண்ட்பீஸ் (பல்லைக் குடையும் முனையைச் சுழற்றும் கைக்கருவி) போன்ற குழல் உள்ள கருவிகளைப் பையிலிட்டு அதில் வைத்தால், உள்ளே சிக்கிய காற்று நீராவியை நெருங்கவிடாது. பி வகை, வெற்றிடம் உண்டாக்கிக் காற்றை முன்னதாகவே உறிஞ்சிவிடும். உங்கள் பதிவேட்டில் ஹேண்ட்பீஸ்களும் "121 – 15" என்ற வரியில் அடங்கியிருந்தால், நான் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள டல்சா நகரில் ஒரு பல் அறுவைச் சிகிச்சை மருத்துவமனை ஆய்வுக்கு உள்ளானது. அங்கிருந்த ஆட்டோகிளேவ் ஆறு ஆண்டுகளாகச் சோதிக்கப்படவில்லை என்று தெரியவந்தது. ஏறத்தாழ 7,000 நோயாளிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அறிவிக்கப்பட்டது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது மரபணு ஆய்வில் உறுதியானது.

பதில் 2
எழுதியவர்: பழைய நாற்காலி

நீராவி அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஸ்போர் சோதனையை மட்டும் உச்சத்தில் வைப்பதில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. வாரத்தில் ஒரு சுற்றைச் சோதித்து மற்ற சுற்றுகளை அதன் பெயரில் ஏற்றுக்கொள்கிறோம். குப்பி முடிவைச் சொல்வதற்குள் பல கருவிகள் பயன்படுத்தப்பட்டும்விடுகின்றன. பிரிட்டன் போன்ற நாடுகளில் முக்கியத்துவம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் வெப்பநிலை, அழுத்தம், நேரம் ஆகியவற்றை இயந்திரம் தானே பதிவு செய்ய வேண்டும். நாள்தோறும் முதல் சுற்றில் சோதனை நடத்த வேண்டும். வெற்றிட வகை இயந்திரமாக இருந்தால் நீராவி உள்ளே ஊடுருவுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கையால் எழுதிய "சரி"யைவிட அச்சடித்து வரும் தாள் நூறு மடங்கு மேல். உங்கள் இயந்திரத்தில் அச்சுப்பொறியோ நினைவட்டையோ பொருத்த முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று துணை. உங்கள் நாட்டின் விதி ஸ்போர் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தால் அங்கே விவாதத்துக்கே இடமில்லை.

தண்ணீர்க் குழாய்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலர் இதை இரண்டாந்தரமாக நினைப்பதால் விரிவாகச் சொல்கிறேன். நாற்காலிக்குள் ஓடும் குழாய் மிக மெல்லியது. அதில் அடங்கும் நீரின் அளவோடு ஒப்பிட்டால் உட்சுவரின் பரப்பு மிக அதிகம். நீர் குழாயின் நடுவே ஓடினாலும் சுவரை ஒட்டிய பகுதியில் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது; இரவும் விடுமுறையும் முழுக்கத் தேங்கியே கிடக்கிறது. சுவரில் ஒட்டிப் படலமாக வளரும் நுண்ணுயிர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. காய்ச்சி வடித்த நீரைப் புட்டியில் ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஊற்றிய நீர் எவ்வளவு தூயதாக இருந்தாலும், படலம் படிந்த குழாயைக் கடந்து வெளியே வரும்போது அது பழைய நீர்தான்.

பரவலாக ஏற்கப்படும் அளவு, ஒரு மில்லிலிட்டர் நீரில் வளரக்கூடிய பாக்டீரியாக் குழுமங்கள் 500-ஐத் தாண்டக் கூடாது என்பது. அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பும் அதுவே. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு 20 முதல் 30 விநாடி நீரை ஓடவிடுவது, அப்போதைய நோயாளியின் வாயிலிருந்து பின்னிழுக்கப்பட்டதை வெளியேற்றும். படலத்தை அது அகற்றாது. அதற்கு நாற்காலித் தயாரிப்பாளர் அனுமதித்த கிருமிநாசினியை அவர் சொன்ன இடைவெளியில் பயன்படுத்த வேண்டும். பிறகு நீரின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் மாதந்தோறும் சோதித்து, முடிவுகள் நிலைபெற்ற பிறகு இடைவெளியை நீட்டிக்கலாம். நாற்காலிக்கு ஒரு மாதிரி எடுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரு நாற்காலி நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பது வியப்பன்று. எலும்பைத் திறக்கும் அறுவைச் சிகிச்சைக்கு இந்தக் குழாய்களின் நீரை எந்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. தனி வழியில் வரும் கிருமியற்ற நீரோ சலைனோ வேண்டும்.

இவற்றைப் புத்தக எச்சரிக்கை என்று ஒதுக்க வேண்டாம். 2011-இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார். தொற்று பல் நாற்காலியின் நீரிலிருந்து வந்ததாகக் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் 2015-இல் ஜார்ஜியா மாநிலத்திலும் 2016-இல் கலிஃபோர்னியாவிலும், பால்பற்களில் நரம்புச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டது. தாடையெலும்பு வரை பரவிய தொற்றுகள் அவை. சில குழந்தைகளுக்கு நிலையான பற்களும் போயின.

பாதரசம் பற்றி ஒரு குறிப்பு. அமால்கம் (பற்குழியை அடைக்கும் உலோகக் கலவை) நிரப்பிய பல்லைப் பிடுங்கினால் அதை ஆட்டோகிளேவில் வைக்கவோ, எரிக்கப்படும் மருத்துவக் கழிவுடன் சேர்க்கவோ கூடாது. இரண்டிலும் பாதரச ஆவி வெளிப்படும். அமால்கத்தின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம் என்பதை உதவியாளர்களுக்குச் சொல்லி வையுங்கள். 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, அமால்கப் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. மருத்துவர் அவசியம் என்று கருதினாலன்றி 15 வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2022-இல் அதில் சேர்ந்த முடிவு. புதிதாக அமால்கம் வைக்காத இடங்களிலும் பழையதைத் தோண்டியெடுக்கும் வேலை தொடரும் என்பதால், உறிஞ்சு குழாயில் அமால்கத் துகள்களைப் பிடிக்கும் பிரிப்பான் தேவைப்படும். ஐ.எஸ்.ஓ. 11143 தரப்படி அது 95 விழுக்காட்டையாவது பிடிக்க வேண்டும்.

பதில் 3
எழுதியவர்: கதிரளவு

எக்ஸ்ரே பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் சகா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுவதும் சொல்லவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட பரிந்துரையில், நோயாளிக்கு ஈய ஏப்ரனும் தைராய்டு காப்பும் வழக்கமாக அணிவிப்பதை நிறுத்தலாம் என்றது. இப்போதைய கருவிகளில் முதன்மைக் கதிர் வயிற்றுப் பகுதியை நோக்குவதில்லை. உடலுக்குள் சிதறும் கதிரை வெளியே போர்த்திய ஈயம் தடுப்பதும் இல்லை. சில வகைப் படங்களில் காப்பு குறுக்கே வந்து படத்தையே கெடுத்துவிடும்; மறுபடி எடுத்தால் கதிரளவு இரட்டிப்பாகும். எனினும் உங்கள் நாட்டுக் கதிர்வீச்சுச் சட்டம் ஏப்ரனைக் கேட்டால் அணிவித்தே ஆக வேண்டும். ஒரு சங்கத்தின் பரிந்துரை சட்டத்தை மாற்றிவிடாது. அப்படி வைத்திருக்கும் ஏப்ரனை மடிக்காமல் தொங்கவிடுங்கள். மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும்.

அந்தப் பரிந்துரையின் மறுபாதியைப் பலர் படிப்பதில்லை. ஏப்ரனை விடலாம் என்பதற்கு ஈடாக, கதிர்க்கற்றையைச் செவ்வக வடிவில் குறுக்கச் சொல்கிறது. வட்டக் குழாயிலிருந்து வரும் கதிரில் பெரும்பகுதி, வாய்க்குள் வைத்துப் படத்தைப் பதியும் சென்சாருக்கு வெளியே, கன்னத்தில் வீணாக விழுகிறது. செவ்வகக் குறுக்கியைப் பொருத்தினால் நோயாளி வாங்கும் அளவு பாதிக்கும் கீழே இறங்கும். விலை குறைந்த ஒரு சிறு பாகம் தருகிற பலன் அது. வாயைப் பரிசோதிப்பதற்கு முன்பே வருபவர் எல்லாருக்கும் படம் எடுக்கும் வழக்கம் உங்கள் மருத்துவமனையில் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.

ஊழியர்களைப் பொறுத்தவரை, சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் உறுதிசெய்த வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரளவின் அலகு). தடுப்புச் சுவர் இல்லாத அறையில், கருவியிலிருந்து 2 மீட்டருக்கு அப்பால், கதிர் செல்லும் பாதைக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ நின்றால் அந்த வரம்பை நெருங்கவே மாட்டார்கள். சிறு குழந்தையின் வாயில் சென்சாரை ஊழியர் தம் விரலால் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் எந்த நியாயத்தாலும் ஏற்கத்தக்கதன்று.

பதில் 4
எழுதியவர்: உதவியாளர் மேசை

மருத்துவர்கள் பேசும் இடத்தில் ஓர் உதவியாளரின் பார்வையையும் வைக்க அனுமதியுங்கள். மேலே சொல்லப்பட்ட அனைத்தையும் கைகளால் செய்பவர்கள் நாங்கள்.

ஆட்டோகிளேவ் ஒரு சுற்றை முடிக்க, உலர்த்தும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு முன் கருவியைக் கழுவி, அல்ட்ராசோனிக் தொட்டியில் இட்டு, அலசி, உலர்த்தி, ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் விட்டுப் பையிலிட வேண்டும். நோயாளிகளை இருபது நிமிடத்துக்கு ஒருவராக வரச்சொல்லிவிட்டு, மூன்று நாற்காலிக்கு நான்கு ஹேண்ட்பீஸ் வைத்திருந்தால், ஐந்தாவது நோயாளிக்கு என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும் பையைத் திறப்பார்கள். அல்லது ஸ்பிரே அடித்துத் துடைத்துக் கொடுப்பார்கள். ஹேண்ட்பீஸ் நிற்கும் கணத்தில் வாயிலுள்ள நீர் உட்புறம் பின்வாங்கிச் செல்வதால் வெளியே துடைப்பதில் பயன் இல்லை. இது தெரிந்தே துடைக்க வேண்டிய நிலையில் உதவியாளர் நிறுத்தப்படுகிறார். ஆகவே அன்புகூர்ந்து பதிவேட்டைத் திருத்துவதற்கு முன் கருவிகளை எண்ணுங்கள். ஒரு நாளில் எத்தனை நோயாளிகள், அவர்களுக்கு எத்தனை ஹேண்ட்பீஸ், பல் காறை அகற்றும் ஸ்கேலர் முனை எத்தனை, எத்தனை சுற்று என்று பொருத்திப் பார்த்தால், உங்கள் பதிவேட்டில் இருக்கும் சுற்றுகள் நடந்திருக்க முடியுமா என்பது தானாகவே தெரியும்.

ஊசி குத்துவதும் பெரும்பாலும் அவசரத்தில்தான். மூடியை இரு கையால் மாட்டாமல், தட்டில் கிடக்கும் மூடிக்குள் ஒரு கையால் ஊசியை நுழைத்து எடுக்கும் முறையை எல்லாருக்கும் பழக்க வேண்டும். மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூர்பொருள் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றப்பட வேண்டும். தடுப்பூசி விவரக் கோப்பில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட்ட தேதி மட்டும் இருந்தால் போதாது. கடைசித் தவணைக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகை எட்டியதா என்ற இரத்தப் பரிசோதனை முடிவும் இருக்க வேண்டும். தடுப்பூசி போட்டும் எதிர்ப்புச் சக்தி உருவாகாதவர்கள் இருக்கிறார்கள். அந்த வைரஸ் உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கும்.

கடைவாய்ப்பல் எழுதியது

அனைவருக்கும் மிக்க நன்றி. உதவியாளர் மேசை சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நெரிசலான நாள்களில் பதிவேட்டில் உள்ள சுற்றுகளை எங்களிடமுள்ள ஒரே இயந்திரத்தால் வேலை நேரத்துக்குள் முடித்திருக்கவே முடியாது. கூடுதல் ஹேண்ட்பீஸ்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவை வரும் வரை நோயாளிகளின் இடைவெளியை நீட்டியுள்ளேன். இயந்திரம் எஸ் வகையைச் சேர்ந்தது. ஸ்போர் சோதனைக் குப்பிகளும் வந்துவிட்டன. முதல் சோதனையிலேயே வளர்ச்சி தென்பட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். உடனே எல்லா நோயாளிகளுக்கும் அறிவிக்க வேண்டுமா?

நீராவி எழுதியது

சோதனைக்கு முன்பே இதைக் கேட்டது நல்லது. குப்பி நிறம் மாறிய பிறகு அமைதியாக யோசிப்பது கடினம்.

வளர்ச்சி தென்பட்டால் இயந்திரத்தை அப்போதே நிறுத்தி, அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். பிறகு அந்தச் சுற்றின் பதிவையும் வேதிப் பட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். பைகளை நெருக்கித் திணித்தது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தது, தவறான சுற்றைத் தேர்ந்தெடுத்தது ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இயந்திரப் பழுது அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. குறையைச் சரிசெய்து, அதே வகைச் சுற்றில் ஸ்போர் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதுவரை வேறொரு நம்பகமான ஆட்டோகிளேவ் வேண்டும். பக்கத்து மருத்துவமனை ஒன்றுடன் இதற்காக இப்போதே பேசி வையுங்கள்.

மறுசோதனையில் வளர்ச்சி இல்லை, பட்டைகளும் அளவீடுகளும் சரியாக உள்ளன என்றால் இயந்திரத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த நிலையில் நோயாளிகளுக்கு அறிவிக்க வேண்டிய தேவை பொதுவாக எழாது. இரண்டாவது முறையும் வளர்ந்தால், பழுதுநீக்குநர் பார்த்துச் சரிசெய்து, கருவிகள் ஏதும் வைக்காத ஆட்டோகிளேவில் அடுத்தடுத்து மூன்று ஸ்போர் சோதனைகள் தேறும் வரை இயந்திரத்தைச் சிகிச்சைக் கருவிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. கடைசியாகத் தேறிய ஸ்போர் சோதனைக்குப் பிறகு அதில் வைத்த கருவிகளில் கைக்கு எட்டியவை அனைத்தையும் திரும்ப எடுத்து மறுபடி சுத்திகரிக்க வேண்டும். ஏற்கெனவே பயன்பட்டவை பற்றி நீங்களாக முடிவெடுக்காமல், பொதுச் சுகாதாரத் துறையைக் கலந்து, எவருக்கு என்ன சொல்வது என்பதைத் தீர்மானியுங்கள்.

கடைசியாகத் தேறிய சோதனை எது என்ற கேள்விக்கு உங்கள் கோப்பில் இப்போது விடை இல்லை. ஆகவே முதல் குப்பியை வைப்பதற்கு முன், அலமாரியில் பையிலிட்டு வைத்திருக்கும் பழைய கருவிகள் அனைத்தையும் ஒதுக்கி வைத்து, சோதனை தேறிய பிறகு மறுபடி சுற்றுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பையிலும் தேதி, இயந்திரம், சுற்று எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் குறிப்பேட்டிலும் அந்தச் சுற்று எண் இடம்பெறட்டும். எஸ் வகை இயந்திரம் எந்தெந்தக் கருவிகளுக்கு ஏற்றது என்பதைத் தயாரிப்பாளர் மட்டுமே வரையறுக்கிறார். ஹேண்ட்பீஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் புதிய ஹேண்ட்பீஸ்களோடு பி வகை இயந்திரம் ஒன்றுக்கும் சொல்லிவிடுங்கள்.